அந்நியர் மேடு

எங்கள் தாத்தாக்களை உள்ளூர்ப் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. சுரங்கத்துக்குள் ஒன்றாக இறங்கலாம், ஒன்றாக நசுங்கியும் சாகலாம், புதைப்பது மட்டும் தனித்தனி. இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் நிலக்கரிக் கம்பெனி கப்பலேற்றிக் கூட்டிவந்து இறக்கிய கத்தோலிக்கர்களுக்கு மலை முகட்டில் யாருக்கும் வேண்டாத ஒரு மேட்டை ஒதுக்கினார்கள். அதற்கு அந்நியர் மேடு என்று பெயர் விழுந்தது. நாலு தலைமுறையாக இதே ஓடைத் தண்ணீரைக் குடித்து, இதே கரித்தூளை இருமி, இவர்களிடமே பெண் எடுத்து, பெண் கொடுத்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. முன்பெல்லாம் எனக்கு அது கோபமாக இருக்கும். இப்போது பெயராவது மிஞ்சட்டும் என்று தோன்றுகிறது.

மேட்டில் பெயர் பொறித்த கல் ஒன்றுகூடக் கிடையாது. தலைமாட்டில் ஓடையிலிருந்து தூக்கிவந்த ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். நட்ட மரச்சிலுவைகள் என் அம்மா காலத்திலேயே மக்கிவிட்டன. பெட்டி உடையும்போது மேல்மண் உள்ளே இறங்கும் அல்லவா, அந்தப் பள்ளத்தை வைத்துத்தான் யார் எங்கே கிடக்கிறார் என்று சொல்வோம். பெரியவர்களுக்கு நீளப் பள்ளம், குழந்தைகளுக்குக் கைக்குட்டை விரித்த அளவு. எல்லாவற்றின் மேலும் நீலப் பூ பூக்கும் ஒரு கொடி படர்ந்திருக்கும். எங்கள் பக்கம் அதைக் கல்லறைக் கொடி என்றே சொல்வோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் குழி வெட்டக் கூலியாள் வைப்பதில்லை. சொந்தக்காரன் வெட்டுவான், சொந்தக்காரன்தான் மூடுவான். முன்பின் தெரியாதவன் கையால் மண் விழுந்தால் செத்தவருக்கு அவமானம். பாப்டிஸ்டுகளும் நாங்களும் ஒத்துப்போகிற வெகு சில விஷயங்களில் இது ஒன்று.

ஆல்டோ பெருச்சி தன் மகள் டெல்லாவுக்கு அப்படித்தான் குழி வெட்டினார். மண் உறைந்து கிடந்த குளிர்காலம். சுரங்கத்தில் கரி கொத்துகிற கூர்வாச்சியை வைத்து ஒரு பகல் முழுக்க வெட்டினாராம். குழந்தைக்குச் சளி முற்றி மூச்சு நின்றிருந்தது, பல்கூட முளைக்கவில்லை. அவர் மனைவி நோலா பாப்டிஸ்ட் வீட்டுப் பெண். தன் வீட்டுக் கல்லறையில் பிள்ளையை வைக்க அவள் தன் அப்பாவிடம் இடம் கேட்டிருக்கிறாள். கத்தோலிக்கனைக் கட்டினவள் கத்தோலிக்க மேட்டுக்கே போகட்டும் என்று அந்த மனிதர் கதவைச் சாத்திவிட்டார். அதன் பிறகு நோலா தன் அப்பாவைப் பற்றி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. டெல்லாவைப் பற்றியும் கேட்டதில்லை. வருடா வருடம் மே மாதக் கடைசியில் கல்லறை அலங்கரிக்க எல்லோரும் மேட்டுக்கு ஏறும்போது, அவள் ஒரு தேவதாரு மரத்தின் அடியில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருப்பாள். நாங்கள் கறி பொதிந்து சுட்ட பெப்பரோனி ரோலைத் தின்றுகொண்டு வேறுபக்கம் பார்ப்போம்.

சிஸ்டர் ஓடிலியா எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நகரத்துப் பெரிய மடத்திலிருந்து வந்தவர், குளிர்காலம் முடிவதற்குள் ஓடிவிடுவார் என்று பந்தயம் கட்டினார்கள். கட்டியவர்களில் பாதிப் பேருக்கு அவரே கடைசி ஜெபம் சொல்லி அனுப்பிவைத்தார். இருப்பது தகர டிரெய்லர் வீட்டில். கம்பெனியின் பழைய மளிகைக் கடைதான் எங்கள் கோயில், அதன் பின்கட்டுதான் அவருடைய அலுவலகம். வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துச் சோதிப்பார். துருநிறத்தில் வருகிற தண்ணீருக்குப் பதில் குடிக்கப் புட்டித் தண்ணீர் கொடுப்பார். அரசாங்க விசாரணைக் கூட்டம் எங்கே நடந்தாலும் போய் முதல் வரிசையில் உட்காருவார். நான் அவருக்கு வண்டி ஓட்டுவேன், தண்ணீர்ப் பெட்டி தூக்குவேன், அவர் வாயில் வராத சில வார்த்தைகளை அவருக்குப் பதிலாக நான் சொல்வேன்.

சுரங்கம் தோண்டிக் கரி எடுத்த காலம் போய், மலையின் தலையையே வெடிவைத்துச் சீவி எடுக்கிற காலம் வந்துவிட்டது. சீவிய மண்ணையும் பாறையையும் பள்ளத்தில் தள்ளி ஓடையை மூடிவிடுவார்கள். அக்கம்பக்கத்து முகடுகளெல்லாம் மொட்டையான பிறகு எங்கள் முகட்டுக்கும் கம்பெனி அனுமதி கேட்டது. ஊர் இரண்டாயிற்று. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் வண்டியில் ‘நிலக்கரிதான் சோறு போடுகிறது’ என்று ஒட்டிக்கொண்டார்கள். அதில் ஒரு வண்டி டென்னியுடையது. டென்னி, ஆல்டோவுக்கும் நோலாவுக்கும் டெல்லாவுக்குப் பிறகு வெகுநாள் கழித்துப் பிறந்த மகன். கம்பெனியில் புல்டோசர் ஓட்டுகிறான். நல்ல பையன்தான். வேறு வேலை இருந்தால் அவன் ஏன் அதை ஓட்டப்போகிறான்? இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்று கம்பெனிக்கு ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டு ஓட வேண்டும்.

சட்டத்தில் ஒரு வழி இருப்பதைச் சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். கல்லறை இருக்கிற இடத்தையும் அதைச் சுற்றியும் தொடக்கூடாது. எங்கள் மேடு முகட்டின் சரியான கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடாமல் அந்த முகட்டை வெட்டுவது கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. ஆக, அது கல்லறைதான் என்று மாநில அலுவலகம் ஒப்புக்கொண்டால் மலை தப்பிக்கும், ஓடை தப்பிக்கும், கிணறுகளும் தப்பிக்கும். உயிரோடிருக்கிற எங்களுக்காக நிற்காத சட்டம் செத்தவர்களுக்காக நிற்குமென்றால் நிற்கட்டும் என்றேன் நான். சிஸ்டர் சிரித்தார். அவர் சிரித்து அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

மேட்டைப் பார்வையிட அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன்பு ஏதாவது எழுத்துச் சான்று கிடைக்குமா என்று சிஸ்டரும் நானும் எங்கள் மேற்றிராசனத்து ஆயர், அதாவது பிஷப், இருக்கிற நகரத்துக்குப் போனோம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்கு ரயிலேறி எப்போதாவது ஒரு சாமியார் வருவார். வந்தால் சேர்ந்து கிடக்கிற கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போவார். அவர் எழுதிவைத்தவை ஒரு வெள்ளத்தில் போய்விட்டதாகச் சொன்னார்கள். பழைய காகிதங்களைக் காக்கிற அம்மாள் மிகவும் அன்பாக இருந்தார், காபி கொடுத்தார். ஆயர் வெளியூரில் இருந்தார். மலைகளைக் காப்பதைப் பற்றி ஆயர்கள் எழுதிய சுற்றுமடல் ஒன்று வாசலில் அடுக்கியிருந்தது, அழகான மடல். நான் அதில் ஒன்றை எடுத்துவந்து வண்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். சிஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அன்றிரவு மடத்தில் தங்கிவிட்டு மறுநாள் திரும்பி வந்தோம். எங்கள் கோயில் கடை வாசலில் ஆல்டோ காத்திருந்தார். நெஞ்சில் கரித்தூள் அடைத்த மனிதர், நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். அன்று புது மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். கையெல்லாம் வெள்ளைப் பெயின்ட்.

“சிஸ்டர், மேட்டுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்,” என்றார். “நீயும் வா மாக்டா. மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்க.”

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, தரை பளபளக்க வேண்டும். வரி வசூலிக்க வருகிறவனுக்குக்கூட வாசலைப் பெருக்கிவைக்கிற ஜாதி நாங்கள். மலையில் இருப்பவர்கள் அழுக்கர்கள் என்று வெளியூர்க்காரன் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வந்த நோய் அது. அந்த நோய் மேட்டுக்கும் ஏறிவிட்டிருந்தது.

கோயிலுக்கு வருகிற அத்தனை குடும்பமும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். கல்லறைக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டார்கள். உள்வாங்கின பள்ளங்கள் ஒவ்வொன்றையும் கீழேயிருந்து மண் சுமந்து நிரப்பி, அடித்து, மட்டப்படுத்திவிட்டார்கள். கோணல்மாணலாகக் கிடந்த தலைக்கற்களைப் பெயர்த்தெடுத்து ஒரு ஓரமாக அழகாக வரப்புக் கட்டியிருந்தார்கள். மேடு முழுக்க, ராணுவக் கல்லறையில் இருப்பதுபோல, நேர் நேரான வரிசையில் வெள்ளைச் சிலுவைகள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. தேவதாரு மரம் மட்டும் பழைய இடத்தில் நின்றது.

“அதிகாரி வந்து பாக்கறப்போ காடு மாதிரி கெடந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பான்? இவனுங்க செத்தவங்களையே மதிக்கல, இவனுங்களுக்கு எதுக்குக் கல்லறைன்னு கேக்க மாட்டானா?” என்றார் ஆல்டோ.

நான் பள்ளங்களைத் தேடினேன். சிஸ்டரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனாலும் போய் ஆல்டோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றார். சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. இறங்கி வரும்போது வண்டிக்குள் நான் கத்தினேன். அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

“சொல்லி என்ன ஆகும் மாக்டா? போட்ட மண்ணைத் திரும்ப எடுத்தா, அதுவும் புதுசாத் தோண்டின குழிதானே,” என்றார் சிஸ்டர். “ரெண்டு நாள் சந்தோஷமா இருக்கட்டும்.”

அந்தச் சந்தோஷம் அதிகாரி வருகிற வரைக்கும் இருந்தது. ரட்லெட்ஜ் என்று பெயர், அரசாங்கத் தொல்லியல் ஆள், மண்ணையும் எலும்பையும் படித்தவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கூடவே கம்பெனியின் வக்கீல் வந்தார், சேறு படாத பூட்ஸ் போட்டுக்கொண்டு. கோயில் பெண்கள் மேட்டுக்கே ஆப்பிள் அடுக்குக் கேக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ரட்லெட்ஜ் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார், ஆனால் தின்னவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவில் நடந்தார். ஒரு சிலுவையைத் தொட்டார், விரலில் பெயின்ட் ஒட்டியது.

“இதெல்லாம் எப்ப வச்சது?” என்று கேட்டார்.

“மூணு நாள் முன்னாடிதாங்க,” என்றார் ஆல்டோ பெருமையாக.

வக்கீல் மண்ணை ஒரு குச்சியால் குத்திக் காட்டினார், அது வெண்ணெய் மாதிரி இறங்கியது. கற்களின் வரப்பைக் காட்டினார். பிறகு ரட்லெட்ஜிடம் மெதுவான குரலில், தான் இந்தத் தொழிலில் எத்தனையோ தந்திரம் பார்த்திருப்பதாகவும், சுரங்கத்தை நிறுத்தக் கல்லறையையே செய்துவைத்ததை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். சிஸ்டர் பழைய போட்டோக்களை நீட்டினார். அதில் மரமும் கொடியும்தான் இருந்தன. எந்தக் காட்டைப் படமெடுத்தாலும் அப்படித்தான் இருக்கும் என்றார் வக்கீல். எங்கள் வாய்ச்சொல்லைக் கேளுங்கள் என்றேன் நான். மலையை வெட்டக்கூடாது என்று மனுக் கொடுத்ததே நீங்கள்தானே அம்மா என்றார் வக்கீல்.

ஆல்டோவுக்கு அப்போதுதான் புரிந்தது. மனிதர் அங்கேயே, அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் கேக் தட்டை ஓசைப்படாமல் மூடினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கம்பெனி எவ்வளவோ பணமும் வெடியும் வைத்துச் செய்ய முடியாததை நாங்கள் மண்வெட்டியும் வாளியும் வைத்துச் செய்து கொடுத்திருந்தோம்.

ரட்லெட்ஜ் ஒரு வழி சொன்னார். குடும்பத்தார் சம்மதித்தால் ஒரே ஒரு குழியைத் திறந்து பார்க்கலாம். உள்ளே ஆள் இருந்ததற்கு உறுதியான அடையாளம் கிடைத்துவிட்டால் முழு மேட்டையும் கல்லறை என்று எழுதிவிடுவதாகச் சொன்னார். உறுதியான என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

அன்று சாயங்காலம் கடையில் எல்லோரும் கூடினோம். செத்தவரைத் தோண்டுவதா என்று முதலில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பிறகு, யாரைத் தோண்டுவது என்ற கேள்வி வந்தது. பெரிய ஆளாக இருந்தால் எலும்பு இருக்கும் என்றார் சிஸ்டர். நான் என் தாத்தாவைக் கொடுப்பதாகச் சொன்னேன். கிழவர் உயிரோடிருந்தபோது யாருக்கும் உபயோகப்பட்டதில்லை, இப்போதாவது படட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தாத்தா எங்கே? மேலிருந்து நாலாவது பள்ளம் என்று அம்மா காட்டியிருக்கிறாள். இப்போது பள்ளமே இல்லையே. ஆளாளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். ஒருவருக்கும் தன் ஆள் எங்கே இருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு குழிதான் திறக்கலாம், அது வெற்றிடமாக இருந்தால் கதை முடிந்தது.

உறுதியாகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தேவதாரு மரத்தின் கிழக்கு வேரை ஒட்டினாற்போல. அது யாருடைய இடம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆல்டோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவருகே, கம்பெனிச் சட்டையோடு, டென்னி நின்றிருந்தான். அவன் கூட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

நோலா எழுந்தாள். “அவ பொறந்தப்ப எங்கப்பா பாக்க வரல. செத்தப்பவும் வரல. அவளுக்கு அப்பறம் பொறந்த தம்பிகூட அவளப் பாத்ததில்ல. யாருமே பாக்காத புள்ள அது,” என்றாள். குரல் ஒரே சீராக இருந்தது. “அந்த அரசாங்கத்து ஆளாவது பாத்து, ஆமா, இங்க ஒரு புள்ள இருந்துச்சுன்னு எழுதட்டும். தோண்டுங்க.”

சிஸ்டர் அவளிடம், குழந்தை எலும்பு மென்மையானது, இந்த மண் புளிப்பு மண், ஒன்றும் மிஞ்சாமல் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார். நோலா கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பேச்சு காதில் ஏறினதாகத் தெரியவில்லை. இத்தனை வருடம் பேசாமல் இருந்தவள் பேசிவிட்டாள், இனி அவளை யார் நிறுத்துவது.

ரட்லெட்ஜ் தன் ஆட்களோடு வந்தபோது முதல் தகராறு நோலாவால்தான். வெளியாள் மண்வெட்டி வைக்கக்கூடாது என்றாள். மண்ணின் நிறம் மாறுகிறவரை குடும்பத்தார் வெட்டட்டும், அதற்குமேல் தான் பார்த்துக்கொள்வதாக ரட்லெட்ஜ் விட்டுக்கொடுத்தார். ஆல்டோ இறங்கினார். நாலு வெட்டு வெட்டியதும் மூச்சு இழுத்துக்கொண்டது. மண்வெட்டியின் மேல் சாய்ந்து நின்றார். மீண்டும் வெட்டினார், மீண்டும் நின்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் யாருக்கும் அதில் கைவைக்க உரிமையில்லை. அப்போது மலைப்பாதையில் ஒரு வண்டி வந்து நின்றது. டென்னி இறங்கினான். கம்பெனித் தலைக்கவசத்தைக் கழற்றி வண்டிக்குள் போட்டான், வக்கீல் பார்க்கப் பார்க்க நடந்துவந்து அப்பாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான். ஆல்டோ ஏறி வழிவிட்டார். சிஸ்டர் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். பாப்டிஸ்ட் வீட்டுப் பெண்ணான நோலா கூடவே சொன்னாள். எப்போது கற்றாள் என்று தெரியவில்லை.

மண்ணின் நிறம் மாறியது. மஞ்சள் மண்ணுக்கு நடுவே ஒரு கை நீளத்துக்குக் கறுப்பு மண். டென்னி மேலே ஏறிவிட்டான். ரட்லெட்ஜ் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு, சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் அதைச் சுரண்டினார். வெகுநேரம் சுரண்டினார். அவர் எவ்வளவு மரியாதையாகச் செய்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். தன் பிள்ளையாக இருந்தால்கூட அதற்குமேல் பார்த்திருக்க முடியாது. எலும்பு இல்லை. பல் இல்லை. துணி இல்லை. மண்தான், கறுப்பு மண்.

“ஆணி வேணும்,” என்றார் ரட்லெட்ஜ். நெற்றியெல்லாம் வியர்வை. “எலும்பு போனாலும் ஆணி போகாது. துருப்பிடிச்ச ஒரு ஆணி கெடைச்சாக்கூடப் போதும், பொட்டி இருந்துச்சுன்னு எழுதிடுவேன். பொட்டியை யாரு செஞ்சது?”

“நான்தான்,” என்றார் ஆல்டோ.

“எத்தனை ஆணி அடிச்சீங்க?”

ஆல்டோ நோலாவைத் திரும்பிப் பார்த்தார். ரட்லெட்ஜ் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

“ஆணியே அடிக்கல,” என்றார் ஆல்டோ. “மரமுளை வச்சு இணைச்சேன். நோலா பக்கத்து ரூம்ல படுத்திருந்தா. சுத்தியல் சத்தம் அவ காதுல விழக்கூடாதுன்னு.”

நோலா அவரைப் பார்த்தாள். ஒருவருக்கொருவர் அறுபது வருடத்துக்கும் மேல் பழகிய இரண்டு பேர், அவள் அன்றுதான் இதைக் கேட்கிறாள். அவர் முதுகில் கையை வைத்தாள், அவ்வளவுதான். வக்கீல்கூடத் திரும்பிக்கொண்டார்.

ரட்லெட்ஜ் அந்தக் கறுப்பு மண்ணை முழுவதுமாக வழித்து ஒரு பையில் போட்டு, பரிசோதனைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். தன் கண்ணுக்கு இது ஒரு குழந்தையின் குழிதான், ஆனால் மக்கிய மரவேரும் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்த்தரப்பு சொன்னால் தன்னிடம் பதில் இல்லை என்றார். ஆல்டோவிடமும் நோலாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வெறும் குழியை டென்னி மூடினான்.

முடிவு இலையுதிர் காலத்தில் வந்தது. மட்கிய பொருள் இருக்கிறது, அது எதிலிருந்து வந்தது என்று உறுதிப்படுத்த முடியவில்லை. ஆகவே கல்லறை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிஸ்டர் மேல்முறையீடு செய்தார், தள்ளுபடி ஆனது. ஆயர் கையெழுத்தோடு அனுதாபம் வந்தது. கோயிலில் அதை வாசிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன், சிஸ்டர் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் நோலா அலுவலகத்துக்கு வந்தாள். எப்போதும் தண்ணீர்ப் பெட்டி வாங்க வருவாள், அன்று அதைக் கேட்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“சிஸ்டர், அந்தப் பைய திருப்பித் தருவாங்களா?” என்றாள். “அவங்களுக்குத்தான் அது பிரயோஜனமில்லையே. அவ முழுசும் அதுலதான் இருக்கா.”

சிஸ்டர் உடனே போன் போட்டார். ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் மாற்றினார், அந்த ஆள் மறுநாள் கூப்பிடச் சொன்னார். ஒரு வாரம் முழுக்க அவர் போனை வைத்துக்கொண்டு காத்திருந்ததை நான் பார்த்தேன். கடைசியில் ரட்லெட்ஜே கூப்பிட்டார். பரிசோதனை முடிந்த மாதிரிகளை அங்கே வைத்திருப்பதில்லையாம், கொட்டிவிடுவார்களாம். வேண்டும் என்று முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். தனக்கும் தோன்றவில்லை என்று சொன்னார். அழுதார் போலிருக்கிறது. சிஸ்டர் போனை வைத்துவிட்டு, இதை நான் எப்படிப் போய்ச் சொல்வேன் மாக்டா என்றார். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்து அவர் ஒரு வேலையை என்னிடம் தள்ளியது அன்றுதான். நான் போய்ச் சொன்னேன். நோலா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். சரி என்றாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

வெடி வைப்பதற்கு முன்னால் மரங்களை வெட்டி மேல்மண்ணைத் தள்ளிவிடுவார்கள். அதுதான் புல்டோசர் வேலை. எங்கள் முகட்டுக்கு ஆள் ஒதுக்கும்போது, டென்னிக்கு வேறு இடம் கொடுப்பதாக அவன் மேலாளரே சொல்லியிருக்கிறார். டென்னி வேண்டாம் என்றானாம். இது எனக்குத் தெரிந்ததும் ரத்தம் கொதித்தது. அவன் வண்டியை மறித்து நிறுத்தி, பெற்ற வயிற்றில் மண்ணைப் போடுகிற அளவுக்கு வயிறு வளர்க்க வேண்டுமா என்று கேட்டேன். அவன் எஞ்சினை அணைத்தான்.

“நான் மாட்டேன்னா வேற ஒருத்தன் வருவான் மாக்டா அத்தை,” என்றான். “ஓஹையோவுல இருந்து ஆள் கொண்டுவந்திருக்காங்க. அவனுக்கு அங்க யாரு இருக்கான்னு தெரியுமா? பாட்டைப் போட்டுட்டு ஒரே தள்ளாத் தள்ளிடுவான். எங்க ஆளுங்க மேல வெளியாள் எதுக்கு மண்ணைத் தள்ளணும்?”

பதில் இல்லாதபோதும் ஏதாவது சொல்கிறவள்தான் நான். அன்று வழிவிட்டு நின்றேன்.

மேட்டைத் தள்ளுகிற நாள் காலையில் கம்பெனி வேலிக்கு வெளியே நாங்கள் நின்றோம். வரவேண்டாம் என்றுதான் நினைத்தோம், கால் கேட்கவில்லை. ஆல்டோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சிஸ்டர் அடக்க ஜெபத்தை முதலிலிருந்து சொன்னார், அத்தனை பேருக்கும் சேர்த்து, தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லி. எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வெள்ளைச் சிலுவைகள் சாய்வது வேலியிலிருந்தே தெரிந்தது. தேவதாரு மரத்தை டென்னி கடைசியாக வைத்திருந்தான். சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அதன் முன்னால் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்திருந்தான். யாரோ விசில் ஊதினார்கள். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

நோலா வேலிக்கு வரவில்லை. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான் ஆல்டோவைக் கொண்டுபோய் விட்டபோது மேசையில் சோளரொட்டியும் பீன்ஸும் வைத்திருந்தாள், மகனுக்கும் சேர்த்து. என்னையும் உட்காரச் சொன்னாள். இருட்டுகிற நேரத்தில் டென்னி வந்தான். பூட்ஸில் மஞ்சள் மண். வாசலில் கழற்ற ஆரம்பித்தவனை, அப்படியே உள்ளே வரச் சொன்னாள். தரையைப் பற்றி அவள் ஒன்றும் நினைக்காத நாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவன் உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான். சாப்பிடவில்லை. அவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“மெதுவாத் தள்ளுனியா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா,” என்றான் டென்னி.